தோல் பர்ஸில் ஓட்டை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பெண்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக் குறிப்பு வந்திருந்தது. கையில் பிடிக்கிற கிளட்ச் பர்ஸின் மேல் மூலைகளில் ஓட்டை போட்டு இரண்டு ஐலெட் (ஓட்டையின் ஓரத்தைப் பிடிக்கிற உலோக வளையம்) அடித்து ஒரு செயின் மாட்டினால் தோளில் போட்டுக்கொள்ளலாம் என்று. துணிப் பர்ஸுக்கு அது சரியாக இருக்கலாம். கையால் தைத்த தோல் பர்ஸுக்கு மட்டும் தயவுசெய்து யாரும் அதைச் செய்துவிட வேண்டாம். நான் செய்து, ஒரு நல்ல பர்ஸைக் கெடுத்து, அப்புறம் ஒரு பெரியவர் புண்ணியத்தில் அதைத் திரும்பப் பெற்றவள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

புதுச்சேரிக்கும் தோல் பைக்கும் உள்ள உறவு நம் வாசகர்களுக்குத் தெரியும். ஹைடிசைன் என்கிற தோல் பை நிறுவனம் 1978இல் இங்கேதான் தொடங்கியது, ஆரோவில் பக்கம் கையாலேயே தைக்கிற சின்னப் பட்டறைகளும் உண்டு. என் அக்கா மகள் முதல் சம்பளத்தில் அப்படி ஒரு பட்டறையில் எனக்கு ஒரு கிளட்ச் வாங்கித் தந்தாள். மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல், வாங்கும்போது வெளிர் தேன் நிறம், எடுத்துப் புழங்கப் புழங்க வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு வேலை கடலூரில். தினமும் பஸ்ஸில் 20 கிலோமீட்டருக்கு மேல், பாதி நாள் நின்றுகொண்டுதான். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பர்ஸ், டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க மூன்றாவது கை வேண்டும். அக்குளில் இடுக்கினால் வியர்வை பட்டுத் தோல் கறுக்கிறது. வார் போடலாம் என்று தோன்றியது அதனால்தான்.

பை ரிப்பேர் கடை ஒன்றில் கொடுத்தேன். பத்தே நிமிஷம், 60 ரூபாய். மேல் மூலை இரண்டிலும் விளிம்பிலிருந்து அரை அங்குலம்கூட விடாமல் பஞ்ச் வைத்து அடித்து, பளபளவென்று ஐலெட் போட்டு, செயினை மாட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் வட்டமாக இருந்த ஓட்டை முட்டை மாதிரி நீண்டது. மூன்றாவது வாரம் அரியாங்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டபோது வலது மூலை விளிம்பு வரை கிழிந்து பர்ஸ் காலடியில் விழுந்தது.

யோசித்துப் பார்த்தால் கிழியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். போன், சாவிக்கொத்து, கண்ணாடி, சில்லறை எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோ வந்துவிடும். பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த எடை வெடுக்கென்று இழுக்கிறது, அத்தனை இழுப்பையும் தாங்குவது ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு துளித் தோல்தான். அது மட்டுமில்லை. ஐலெட் பித்தளை மாதிரி பூசிய இரும்பு. நம் ஊர்க் கடல் காற்றில் பூச்சு போய்விட்டது, ஒரு மழையில் நனைந்ததும் ஓட்டையைச் சுற்றிக் கன்னங்கரேலென்று கறை. அது அழுக்கு இல்லை, துடைத்தால் போகாது. கடுக்காயோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பு சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான்: பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பாகிவிடும். பட்டை போட்டுப் பதப்படுத்திய தோலில் இரும்பு படவே கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது.

கடலூரில் நான் பஸ் இறங்கி நடக்கிற வழியில் மரத்தடியில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பர்ஸை நீட்டினேன். உடனே கை வைக்கவில்லை. திறந்து, மூடி, பக்கத் தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, "இவ்ளோ நல்ல தையல் இங்க இருக்கும்போது யாரும்மா மூலையில ஓட்ட போட்டது?" என்றார். குரலில் உண்மையான வருத்தம். நாளைக்கு வா என்று சொல்லியிருந்தால் விட்டுவிட்டு வந்திருப்பேன், ஆனால் உட்காரச் சொன்னார். அன்று ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் கிழிந்த மூலைக்கு உள்ளும் புறமும் ஒரு துண்டுத் தோல் வைத்து மூடினார். அப்புறம் வாருக்கான வேலை. பர்ஸின் இரண்டு பக்கமும் முன்தோலும் பின்தோலும் சேரும் இடத்தில் மேலிருந்து ஓர் அங்குலத்துக்கு மட்டும் பழைய தையலைப் பிரித்தார். அரை அங்குல அகலத்தில் மூன்று அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டி, முனைகளை வெங்காயத் தோல் மாதிரி ஆகும்வரை கத்தியால் சீவினார். சீவாமல் வைத்தால் அந்த இடம் நாலு மடிப்புத் தடிமனில் புடைத்துக்கொண்டு நிற்குமாம். துண்டை D எழுத்து வடிவத்தில் இருக்கிற ஒரு பித்தளை டி ரிங்கில் கோத்து மடித்து, பிரித்த தையலுக்குள் இரண்டு தோலுக்கும் நடுவில் செருகி, சொல்யூஷன் பசை தடவி அழுத்திப் பிடித்தார். பழைய ஊசி ஓட்டைகள் வழியாகவே குத்தூசியை விட்டு நடுத் துண்டை மட்டும் துளைத்தார். பர்ஸின் மேல் புதிதாக ஓர் ஓட்டைகூட விழவில்லை!

தைத்தது இன்னும் அழகு. மெழுகு தேய்த்த ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. ஒரே ஓட்டைக்குள் இந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி போகிறது, அந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி வருகிறது, இரண்டையும் இழுத்து ஒரு சுண்டு. மிஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்பதால் ஓர் இடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பிக்கும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். எடை இப்போது ஒரு மூலையில் இல்லை, ஏழெட்டுத் தையல்களில் பிரிந்து பர்ஸின் பக்கம் முழுவதும் இறங்குகிறது.

ரிங்கைக் கொஞ்சம் கீழே வைத்தால் என்ன என்று கேட்டேன், மூடியை மடிக்க வசதியாக இருக்குமே என்று. கீழே வைத்தால் பை குப்புறக் கவிழும் என்றார். எடை இருக்கிற இடத்துக்கு மேலேதான் பிடி இருக்க வேண்டுமாம்.

வாரை அவரே வெட்டித் தந்தார். மாட்டின் முதுகுத் தோலில் நீளவாக்கில் வெட்டினால்தான் நீளாது, வயிற்றுத் தோல் இழுபடும், இரண்டு மாதத்தில் பை முழங்காலில் இடிக்கும். அளவுக்கு டேப் தேவையில்லை, ஒரு கயிற்றைத் தோளில் குறுக்காகப் போட்டு, இடுப்பெலும்பில் பர்ஸ் நிற்கிற மாதிரி பிடித்துப் பாருங்கள். எனக்கு 48 அங்குலம் வந்தது. இரண்டு முனையிலும் கொக்கி வைத்ததால் கல்யாணத்துக்குப் போகும்போது வாரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் பழையபடி கையில் பிடித்துக்கொள்கிறேன்.

சில பர்ஸில் பக்கத் தையலே இருக்காது, ஒரே தோலை மடித்திருப்பார்கள், இல்லையென்றால் ஆட்டுத் தோல் மாதிரி மெல்லிசாக இருக்கும். அதற்கும் வழி சொன்னார். பாட்டி வீட்டில் தயிர்ப் பானையை உறியில் தொங்கவிடுவார்களே, பானைக்கு யாராவது காது வைத்துத் துளை போடுவார்களா? அதே மாதிரி மெல்லிய வாரை இரண்டு இடத்தில் பர்ஸின் அடியைச் சுற்றிக் கொண்டுவந்து மேலே ரிங்கில் சேர்த்துவிட்டால் எடை முழுவதும் அடியிலிருந்தே தாங்கப்படும். பர்ஸில் ஊசிகூடப் படாது, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கேட்டது 250 ரூபாய், பித்தளைச் சாமான்கள் உட்பட. மூன்று மணி நேர வேலை. அந்தத் தொகையை மட்டும் கொடுத்துவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை, கூடவே கொடுத்தேன், வாங்க யோசித்தார். பத்தாயிரம் ரூபாய்ப் பைக்குப் பேரம் பேசாத நாம் மரத்தடியில் இருப்பவரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம், அதை நான் அன்று பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை பார்த்தேன். எனக்கு அது வலித்தது.

நம் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கும் இந்தக் கடிதம் மூலம் ஒரு வேண்டுகோள். கிளட்ச் தைக்கும்போதே பக்கத் தையலில் இரண்டு சின்னக் காதுகளைச் செருகித் தைத்துவிடுங்கள். வெளியே தெரியாமல் உள்பக்கம் மடிந்து கிடக்கட்டும், வேண்டுமென்கிறவர்கள் ரிங் மாட்டிக்கொள்வார்கள். தைக்கும்போது அது சில நிமிஷ வேலை, தைத்து முடித்த பிறகு பிரித்துச் செய்ய அரை நாள். இந்த ஊரில் ஸ்கூட்டியிலும் பஸ்ஸிலும் போகிற பெண்கள்தானே உங்கள் பர்ஸை வாங்குகிறோம், எங்களுக்கு இரண்டு கையும் வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, போன வாரக் குறிப்பைப் படித்துவிட்டு எத்தனை பேர் செயின் வாங்கி வைத்திருக்கிறார்களோ தெரியவில்லை. தோல் பர்ஸுக்கு அந்த முறை ஆகாது என்று வரும் ஞாயிறே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாசகி,
புதுச்சேரி