சோற்றுக்கு முதல் கோழி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அவவுக்கு உன்னை விடப் புளுகம். கல்லடியில் எல்லோரும் சுகம். மழைக்கு முதல் ஓடு மாற்ற வேண்டும், அந்தக் கரைச்சலை மறுகா எழுதுகிறேன்.

சரி, நீ கேட்ட விசயம், ஒப்பரேசனுக்குப் பிறகு என்ன சாப்பிடுவது என்று. உடம்பு எடையைக் குறைக்கச் செய்யும் இந்த ஸ்லீவ் ஒப்பரேசனில் இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள், மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய்தான். அதற்குள் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போயாக வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். முடி எப்படியும் கொஞ்சம் கொட்டும், புரதம் குறைந்தால் இன்னும் மோசம். அதனால் கோழி முதல், மரக்கறி பிறகு, இடமிருந்தால் சோறு. மலை மாதிரிச் சோறு போட்டு வளர்ந்த நமக்கு இது லேசில்லை, பழகிவிடும்.

உடனே கோழி என்று நினைக்காதே. முதலில் நீராகாரம், பிறகு அரைத்தது, பிறகு மெதுவானது, டொக்டர் சொல்கிற வரிசையில்தான்.

எல்லாரும் நெஞ்சு இறைச்சியைத்தான் சொல்வார்கள். கொழுப்புக் குறைவு, உண்மை. ஆனால் அது ஆறினால் நார்நாராகக் காய்ந்து போகும், சரியாகச் சப்பாமல் விழுங்கினாயோ, நெஞ்சுக்குழியில் இறுகிப் பிடிக்கும், வாயில் நுரையாக எச்சில் ஊறும், தண்ணி குடித்து இறக்கவும் ஏலாது, வெளியே வரும் வரைக்கும் அந்தரம்தான். என்னைக் கேட்டால் தொடை இறைச்சி. தோலை உரித்து, எலும்பை எடுத்து, பொடியாகக் கொத்தி, சின்ன வெங்காயம், இஞ்சி, உள்ளி, மஞ்சள், கொஞ்சம் மிளகு சீரகம், றம்பை, கறிவேப்பிலை எல்லாம் போட்டுத் தேங்காய்த் தண்ணிப்பாலில் மூடி மெல்லிய நெருப்பில் அவிய விடு. கட்டிப்பாலும் மிளகாய்த்தூளும் இப்போதைக்கு வேண்டாம். இறக்கித் தேசிக்காய் விட்டு, முள்ளுக்கரண்டியால் மசித்து, அந்தச் சொதியோடேயே சாப்பிடு. ஊர்க்கோழிக்கு ஆசைப்படாதே, அதன் இறுக்கத்துக்குச் சில மாதம் போகட்டும்.

அவித்த தொடை இறைச்சி 100 கிராமில் 25 கிராம் அளவு புரதம் இருக்கிறது, ஆனால் ஆரம்பத்தில் இரண்டு மூன்று கரண்டியோடு வயிறு போதும் என்றுவிடும், அதற்கு மேல் ஒரு வாய் கூட வைக்காதே. மிச்சத்தை முட்டை, மீன், தயிரில் பிடிக்க வேண்டும். எருமைத் தயிரைத் துணியில் கட்டி ஃபிரிஜ்ஜில் இரவு முழுக்க வடிய விட்டால் கெட்டியாக வரும், பாணி விடாமல் சாப்பிடு (இது பெரிய தியாகம்தான்). சூடு காட்டிய பழைய கோழி இறுகிப் போயிருந்தாலும் இந்தத் தயிரில் பிசைந்தால் இறங்கும். சாப்பாட்டோடு தண்ணி குடிக்காதே, அரை மணித்தியாலம் கழித்துக் குடி. விட்டமின் குளிசை ஆயுள் முழுக்க, அதில் பேரம் பேசாதே.

தைக்குப் பிறகு அக்கரைப்பற்றுப் பக்கம் வருவேன். தங்கச்சியிடம் இப்பவே சொல்லிவை, சோறு போட்டு வற்புறுத்தக் கூடாது, கோழிக்கறியில் ஒரு தொடைத் துண்டு எடுத்து வைத்தால் போதும். ஒப்பரேசன் திகதி மாறினால் எழுது.

உன்
மச்சான்