ஒற்றைப் பாதையில் எங்களை இறக்கிவிட்டவர்களுக்கு நன்றி மடல்

கொத்மலைப் பிரதேசம், நுவரெலியா மாவட்டம்
தை 2026

பேரன்புக்குரியவர்களே,

2025 நவம்பர் 27ஆம் திகதி, வியாழக்கிழமை பின்னேரம், எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கில் வாழ்ந்த 60 குடும்பங்கள் கொட்டும் மழையில் நான்கு கிலோமீற்றர் பாதையைக் கடந்து பிரதான வீதிச் சந்திக்கு வந்து சேர்ந்தன. மறுநாள் விடிவதற்கு முன்னர் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் மூன்றை மூடியபோது அவற்றுக்குள் ஒருவரும் இருக்கவில்லை. டித்வா சூறாவளி நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நாட்கள் அவை. பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் இரத்த உறவுகளும் மண்ணுக்குள் போயிருக்க, நாங்கள் பிழைத்ததற்காக நன்றி கூறி மடல் எழுதுவது முறைதானா என்று கார்த்திகையும் மார்கழியும் தயங்கினோம். ஆனால் எங்களைக் காத்தவர்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாத நிலையில், இனியும் பேசாமல் இருப்பது நன்றி மறந்ததாகிவிடும் என்று தோட்டப் பெரியவர்கள் சொன்னதால், பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியரான நான் எல்லோர் சார்பிலும் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி என் மாணவர்களுக்கு. பாடசாலை முற்றத்தில் வைத்திருந்த மழைமானியை அந்த இரண்டு நாட்களும் நனைந்து நனைந்து அவர்கள்தான் வாசித்தார்கள். 24 மணித்தியாலங்களில் மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐக் கடந்தால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150ஐக் கடந்தால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவுகளை அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் ஒரு மாணவி ஓடிவந்து "சேர், 150 தாண்டிருச்சு" என்றாள். அவ்வேளையில் எங்களுக்கு வந்திருந்த எச்சரிக்கைச் செய்தி தமிழில் இருக்கவில்லை. அதைத் தொலைபேசியிலேயே வரிக்கு வரி தமிழாக்கிச் சொன்ன கிராம உத்தியோகத்தர் அவர்களுக்கும் எங்கள் நன்றி உரியது.

யாரும் தயங்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. மழை எங்களுக்குப் புதிதல்ல, மாடும் ஆடும் இருக்கின்றன, இருட்டில் பிள்ளைகளோடு எங்கே போவது என்ற கேள்விகள் லயத்துக்கு லயம் எழுந்தன. அப்போது, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் தப்புப் பறையின் சத்தம் கேட்டது. ஒரு காலத்தில் விடியற்காலையில் வேலைக்கு ஆளெழுப்பிய அதே தப்பை, வயதான அந்தத் தாத்தா லயம் லயமாக நின்று அடித்து, "2014இல மீரியபெத்தையில என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டார். கொஸ்லந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் அந்த ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அங்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆபத்து அறிவிக்கப்பட்டிருந்தது. தாத்தா, அன்று உங்கள் கை விறைத்துப்போய் விரல்களை நீட்ட முடியாமல் இருந்ததைச் சந்தியில் வைத்துத்தான் கண்டோம்.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருகிறேன். மக்கள் புறப்படச் சம்மதித்த பின்னர் எங்களை அச்சுறுத்தியது அந்தப் பாதைதான். ஒரு லொறி போகுமளவுக்கே அகலம், ஏழு முடக்குகள், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், எதிரும் புதிருமாக இரண்டு வாகனங்கள் விலகக்கூடிய இடம் இரண்டே இரண்டு. அவரவர் தம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒரே நேரத்தில் இறங்கியிருந்தால் முதல் முடக்கிலேயே எல்லோரும் சிக்கியிருப்போம். எங்கள் தோட்டத்தில் பிறந்து இப்போது அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வேலைசெய்யும் தம்பி ஒருவர், கடந்த ஆண்டுத் திருவிழாவுக்கு வந்தபோது இளைஞர்களை உட்காரவைத்து இதைத்தான் பேசினார். 2005 செப்டெம்பரில் ரீட்டா சூறாவளிக்கு அஞ்சி டெக்சாஸ் கரையோரத்திலிருந்து 25 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே சமயத்தில் வீதிக்கு வந்ததையும், எதிர்த்திசைத் தடங்களையும் வெளியேறுவோருக்குத் திறந்துவிடும் முடிவு தாமதமானதையும், மணிக்கணக்கில் நகராத வாகனங்களில் எரிபொருளும் தண்ணீரும் தீர்ந்துபோனதையும், முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச்சென்ற பஸ் டலஸ் நகருக்கு அருகே தீப்பற்றி 23 பேர் மாண்டதையும் அவர் சொன்னார். அந்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 100 பேர் இறந்தார்கள். புயல் நேரடியாகக் கொன்றவர்களை விட அது அதிகம். அதற்குச் சில வாரங்கள் முன்னர், கத்ரினா சூறாவளியின்போது, லூசியானாவில் இரு பக்கத் தடங்களையும் வெளியே செல்லும் திசைக்கே திருப்பிவிட்டதால் வாகனம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தார்கள் என்றும், வாகனம் இல்லாத பல்லாயிரம் பேர் நியூ ஓர்லியன்சிலேயே விடுபட்டார்கள் என்றும் அவர் கூறியபோது, லயத்து மக்களான எங்களுக்கு அந்த இரண்டாவது செய்தியே நெஞ்சில் தைத்தது. எங்களில் பெரும்பாலானோருக்குச் சொந்த வாகனம் ஏது?

எனவே, வாகனம் யாருடையதாக இருந்தாலும் முதலில் ஏறுவோர் நடக்க இயலாதவர்களும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும்தான் என்பது அன்றே தீர்மானமானது. முச்சக்கரவண்டி வைத்திருக்கும் எங்கள் தம்பிமாரே, அந்தத் தீர்மானத்தைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். உங்கள் சொந்தப் பிள்ளைகளை நடப்பவர்களோடு அனுப்பிவிட்டு, அடுத்த லயத்துப் பாட்டியை ஏற்றிச்சென்றீர்கள். பாதை நெரிபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நான்கு ஆட்டோக்கள் மட்டும் இறங்கட்டும் என்று சொன்னபோது, மற்றையவர்கள் தங்கள் வண்டிகளைப் பிரட்டுக்களத்தில் நிறுத்திவிட்டுச் சாவியை மடியில் செருகிக்கொண்டு நடந்தீர்கள். நிறுத்தப்பட்ட வண்டிகளில் இரண்டு இன்று மண்ணுக்குள் கிடக்கின்றன. லீசிங் தவணை முடியாத வண்டிகள் அவை. அந்த இரண்டு குடும்பங்களுக்கும் அதுவே சோறு. இவ்விருவருக்கும் நாங்கள் பட்ட கடன் வாயால் சொல்லித் தீராது என்பதால், தோட்ட மக்கள் மாதாமாதம் சேர்க்கும் பணம் அவர்களுடைய தவணைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

பாதையை ஒழுங்குபடுத்திய முறையை எங்களுக்குத் தந்தவர் ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர். மலையகத்தின் ஒற்றைத் தண்டவாளத்தில், வளையத்தோடு கூடிய அந்தத் தகடு சாரதியின் கைக்கு வராமல் ரயில் அடுத்த நிலையத்துக்கு நகராது. அதே போல எங்கள் பாதைக்கும் ஒரு தகடு வேண்டும் என்றார். பூசகர் ஐயா மாரியம்மன் கோயில் கைமணியை எடுத்துக் கொடுத்தார். மணி யார் கையில் இருக்கிறதோ அந்த வாகனமும் அதற்குப் பின்னால் வருவனவும் மட்டுமே நகரலாம் என்பது ஏற்பாடு. விலகும் இடங்கள் இரண்டிலும் டோர்ச்சும் விசிலுமாக நின்ற இளைஞர்கள், கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மழை கானை மீறிப் பாதையில் ஓடிய நேரத்திலும் இடத்தை விட்டு அசையவில்லை. நடப்பவர்கள் மலைப்பக்கம் போகாமல், கற்கள் உருளாத இடம் பார்த்து அவர்களைக் கூட்டிக்கூட்டி அனுப்பியதும் அவர்களே. கொழுந்து லொறிச் சாரதி மூன்று தடவை ஏறி இறங்கினார்.

இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸின் சாரதிக்கும் நடத்துனருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. அன்று உங்கள் கடமை நேரம் முடிந்திருந்தது. பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் நீங்கள் மேலே வந்தீர்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது மூன்றாம் முடக்கில் மண்மேடு பாதி விழுந்து கிடந்ததைக் கண்டு, நிறைந்த பஸ்ஸிலிருந்து ஆட்களை இறக்கி, நடத்துனர் பின்னால் நடந்து பக்கவாட்டில் கையால் தட்டித் தட்டிச் சைகை கொடுக்க, அந்தப் பள்ளத்து ஓரத்தில் அரைக் கிலோமீற்றர் பின்னோக்கிச் செலுத்தி, லொறிக்கு வழிவிட்டு, மண்ணை வெட்டி ஒதுக்கிய பிறகு மறுபடியும் முன்னே வந்தீர்கள். உங்களுக்குத் தமிழ் அதிகம் தெரியாது. எங்கள் பாட்டிமாருக்குச் சிங்களம் அதிகம் தெரியாது. ஏறிய ஒவ்வொருவரிடமும் "பய வென்ட எப்பா" (பயப்பட வேண்டாம்) என்று நீங்கள் சொன்னதன் பொருள் அவர்களுக்கு விளங்கியது.

கீழே சந்தியில் நடந்ததை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். செய்தி பரவியதும் கம்பளையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் உறவினர்கள் தத்தம் சொந்தங்களை ஏற்றுவதற்கு வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய பதைப்பு நியாயமானதே. எனினும் அவர்களில் நான்கு பேர் மேலேறியிருந்தால் இறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் வழி அடைபட்டிருக்கும். அவர்களைச் சந்தியிலேயே மறித்து, ஒருவரையும் அதட்டாமல், "உங்கள் அம்மா இந்தப் பஸ்ஸில் வருகிறார், இங்கேயே நில்லுங்கள்" என்று பெயர்ப்பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சொன்ன பொலிஸ் உத்தியோகத்தருக்கும், வீதியோரத்தில் நிறுத்தியிருந்த வாகனங்களைத் தள்ளி அப்புறப்படுத்திய கீழ்க் கிராமத்துச் சிங்கள இளைஞர்களுக்கும், மழையில் நின்றபடியே அந்தச் சொல்லை நம்பி மேலே வராமலிருந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. உதவிக்கு ஓடிவருவதை விட, வராமல் நிற்பது எத்தனை கடினம் என்பதை நாங்கள் அறிவோம்.

அன்றிரவு மண்டபத்தைத் திறந்து பாயும் தேநீரும் தந்த விகாரையின் தேரருக்கும், பின்வந்த நாட்களில் பெக்கோ இயந்திரங்களோடு வீதியைத் திறந்த தொழிலாளர்களுக்கும் இராணுவத்தினருக்கும், வாகனம் செல்ல முடியாத இடங்களில் அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

கைமணி கோயிலுக்குத் திரும்பிவிட்டது. அதன் விளிம்பில், பஸ்ஸின் கண்ணாடியில் மோதிய சிறு நெளிவு ஒன்று இருக்கிறது. அதைத் திருத்த வேண்டாம் என்று பூசகர் ஐயா சொல்லிவிட்டார். பஸ் சாரதி அண்ணா, உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ள அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. அடுத்த திருவிழாவுக்கு நடத்துனரையும் குடும்பத்தாரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அம்மன் புறப்படும்போது அந்த மணியை நீங்கள் அடிக்க வேண்டும் என்று தோட்டத்தார் எல்லோரும் ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
மேக்கணக்கு மக்கள் சார்பில்,
தோட்டப் பாடசாலை ஆசிரியர்