ஏழே முக்கால் மணி நேரமும் மாரத்தான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மாரத்தான் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையோடு, இரண்டாம் முறை கோபத்தோடு. ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்பவர்கள் ஓட்டக்காரர்கள் அல்ல, ஊர்வலம் போகிறவர்கள் என்கிறார் கட்டுரையாளர். நேர வரம்பே வைக்காத, ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு மாரத்தானை உல்லாசப் பயணிகளின் கேளிக்கை என்றும் ஒரு வரியில் தள்ளிவிட்டார். அந்த ஊர்வலத்தில் போனவள் நான். 7 மணி 46 நிமிடம். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

நேர வரம்பு இல்லாதது யாரோ மறந்து விட்ட குறையல்ல. 1973 டிசம்பரில் முதல் ஓட்டம் நடந்தபோது முடித்தவர்கள் 162 பேர். அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் ஜாக் ஸ்காஃப் என்ற இதய மருத்துவர். மாரடைப்பு வந்தவரை வீட்டில் பத்திரமாக உட்கார வைத்துப் பார்த்துக்கொண்ட காலத்தில், தம் நோயாளிகளை ஓடச் சொன்ன மனிதர். அடுத்த ஆண்டு, 1974இல், கபியோலானி பூங்காவில் ஞாயிறு காலைப் பயிற்சியையும் அவர் ஆரம்பித்தார். அது இன்றும் நடக்கிறது. பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிய வேண்டும், பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்பதுதான் அங்கே பாலபாடம். இதயம் பழுதானவர்களையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்த ஓட்டத்துக்கு ஆறு மணி நேரத்தில் கதவைச் சாத்துவது எப்படிப் பொருந்தும்?

எனக்கு இதயக் கோளாறு இல்லை. ரத்த அழுத்தம் மட்டும்தான். மகள் குடும்பத்தோடு இங்கே வந்து 11 வருடங்கள் ஆகின்றன. வந்த புதிதில் மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்து, அலுத்து, 52 வயதில் ஓடத் தொடங்கினேன். இந்த ஊரில் வாடகையும் பால் விலையும் மூச்சை அடைக்கும். ஓட்டத்துக்குக் காசு வேண்டாம். பூங்காவில் குடிதண்ணீர்க் குழாய் உண்டு. கடற்கரை நெடுக, திறந்த வெளியில் குளிக்கும் குழாய்கள் உண்டு. உப்புப் பூத்த முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறலாம்.

ஹவாய் என்றதும் உங்கள் வாசகர்களுக்கு அலைச்சறுக்கும் பூமாலையும் நினைவுக்கு வரும். எனக்கு சவுக்குக் காய். கபியோலானி பூங்காவின் கடலோரச் சாலையில் வரிசையாகச் சவுக்கு மரங்கள். விடியும் முன் ஓடினால் சிதறி விழுந்து கிடக்கும் அந்தக் காய்கள் காலணிக்கு அடியில் உருளும். ஒருமுறை கணுக்காலைப் பிசகிக்கொண்டு மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். அன்றிலிருந்து இருட்டில் சாலையின் மௌகா பக்கம்தான் ஓடுகிறேன். மௌகா என்றால் மலைப்பக்கம், மகாய் என்றால் கடல்பக்கம். இங்கே வடக்கு, தெற்கு என்று வழி சொல்பவரைப் பார்ப்பது அபூர்வம்.

வெளிச்சம் வந்ததும் மைனாக்கள் சண்டையைத் தொடங்கிவிடும். 1865இல் பயிரைத் தின்னும் புழுக்களை ஒழிக்க இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவற்றின் வாரிசுகள். புதருக்குப் புதர் பாயும் கீரிக்கும் நம் பக்கத்து ரத்தம்தான். கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க 1883இல் ஜமைக்காவிலிருந்து வந்தது. ஜமைக்காவுக்குப் போனது கல்கத்தாவிலிருந்து. எலி இரவில் திரியும், கீரி பகலில் திரியும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எலி பிழைத்துக்கொண்டது, தரையில் கூடு கட்டும் பறவைகள்தான் மாட்டிக்கொண்டன. காலையில் கீரி குறுக்கே ஓடினால் நல்ல சகுனம் என்று நான் மட்டும் சந்தோஷப்பட்டுக்கொள்வேன்.

பந்தய நாளுக்கு வருகிறேன். டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, காலை ஐந்து மணி, கும்மிருட்டு, வாண வேடிக்கை. நகர மண்டபத்தின் முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா சிலையாக வெறுங்காலோடு பிரம்மாண்டமாக உட்கார்ந்து, ஹவாய்க்காரர்கள் வாழ்த்துச் சொல்வதுபோல் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக்கொண்டிருப்பார். டயமண்ட் ஹெட் என்ற எரிமலைக் குன்றின் ஏற்றம் வரை எல்லோரும் சிரித்துக்கொண்டே போகலாம். அப்புறம் கிழக்கே போகும் நெடுஞ்சாலை. நிழல் கிடையாது. போகும்போது எதிர்காற்று தள்ளும், அதைத் திட்டாதவர் இல்லை. ஹவாய் காய் வட்டாரத்தைத் தொட்டுத் திரும்பியதும் காற்று முதுகுப் பக்கம் வந்துவிடும். நாம் போகும் வேகத்துக்கே அதுவும் வருவதால் மேலே படுவதே தெரியாது. அப்போதுதான் வெயில் தன் வேலையைக் காட்டும். திட்டிய காற்றை அழைக்காத குறை.

திரும்பும் வழியில் கஹாலா என்ற குடியிருப்புப் பகுதியில் ஒரு வீட்டு வாசலில் பத்து வயதுப் பையன் தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். மணி பதினொன்றரை இருக்கும். முதலில் வந்தவர்கள் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியே இருப்பார்கள். "தலையிலா, காலிலா?" என்று கேட்டுக் கேட்டுத் தண்ணீர் அடித்தான். எனக்கு முன்னால் ஜப்பானிய மூதாட்டி ஒருவர் தொப்பியைக் கழற்றி, குனிந்து, தலையைக் காட்டினார். பையனும் பதிலுக்குக் குனிந்தான், குழாய் அவன் சட்டையையே நனைத்துவிட்டது. ஆறு மணி நேர வரம்பு இருந்திருந்தால் எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றியிருப்பார்கள்.

கட்டுரையாளர் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வரம்பில்லை என்பதால் மூன்று மாதப் பயிற்சிகூட இல்லாமல் வந்து பாதி வழியில் சுருண்டு விழுகிறவர்கள் உண்டு. எங்களுக்காக மதியம் தாண்டியும் வெயிலில் தண்ணீர்க் கோப்பை நீட்டி நிற்கும் தொண்டர்களின் கால்வலியையும் நாங்கள்தான் நினைக்க வேண்டும். அதை அவர் எழுதியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். அவர் எழுதியது வேகத்தைப் பற்றி மட்டும்.

வருகிற டிசம்பரில் அவர் இங்கே வந்தால் ஒரு யோசனை. வென்றவர்களைப் படம் எடுத்த கையோடு ஹோட்டலுக்குப் போய்விட வேண்டாம். முடிவுக் கோட்டுக்கு அருகே, சவுக்கு மர நிழலில், பன்னிரண்டரை மணியிலிருந்து காத்திருக்கட்டும். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு என் மகள் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். அவருக்கும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஹொனலூலுவிலிருந்து ஒரு வாசகி