வாங்கவில்லை, குத்தகைதான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் சிறு வியாபாரிகளுக்கு யோசனை சொல்லும்போது, 'கடைப் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கிப் போடுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த 'வாங்கி'யில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் எங்களுக்குச் சுங்குடிப் புடவைக் கடை. 6 வருடத்துக்கு முன் தெரிந்த தம்பி ஒருவர் கடைப் பெயரில் டாட் காம் எடுத்து வெப்சைட் செய்து கொடுத்தார். அப்பா காலத்துப் பெயர்ப் பலகை மாதிரி, ஒரு தடவை காசு கொடுத்தால் ஆயுசுக்கும் நம்முடையது என்று இருந்துவிட்டேன். வருடா வருடம் அவரிடம் 'வெப்சைட் பணம்' கொடுப்பேன். வெப்சைட்டை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு (சர்வர்) வாடகை வேறு, இணையப் பெயருக்குக் கட்டுவது வேறு என்பதெல்லாம் அப்போது தெரியாது.

இணையப் பெயரை யாரும் கிரயம் பண்ண முடியாது. 1 வருடம், 2 வருடம், மிஞ்சிப்போனால் 10 வருடம் குத்தகை. அந்தக் குத்தகைச் சீட்டு, அதாவது பதிவு, யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பாத்தியதை. எங்கள் சீட்டில் இருந்தது அந்தத் தம்பியின் பெயரும் மெயிலும். அவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் அவர் திறக்காத பெட்டியில் கிடந்தன.

கெடு முடிந்த அன்றே டாட் காம் பெயர் கைவிட்டுப் போய்விடாது. பதிந்து தந்த கம்பெனியைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம் உண்டு. சிலர் அதற்குள்ளேயே ஏலம் விட்டுவிடுவார்கள். பெயரை நீக்கிய பிறகும் 30 நாள், கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். அப்புறம் 5 நாள் கழித்து, யார் முந்திக்கொள்கிறாரோ அவருக்கு. நாங்கள் முழித்துக்கொண்டபோது 4 மாதம் ஓடியிருந்தது. அதுவும் செக்கானூரணி அக்கா ஒருவர் போன் போட்டு, "என்ன தம்பி, சேலையை விட்டுட்டு சீட்டாட்டத்துல இறங்கிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான். எங்கள் முகவரியை வேறு யாரோ எடுத்துச் சீட்டாட்டத் தளம் போட்டிருந்தார்கள்.

ஜி.எஸ்.டி. எங்கள் பெயரில் இருக்கிறதே என்று பார்த்தேன். அது இங்கே செல்லாது. டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) இருந்து, எதிராளி கெட்ட எண்ணத்தில் எடுத்தார் என்று காட்ட முடிந்தால், மீட்க நடுவர் முறை இருக்கிறது. நாங்கள் டிரேட்மார்க் பதியவே இல்லை.

டாட் ஆர்க் (.org) என்றாலே தர்ம ஸ்தாபனம் என்று என் சித்தப்பா இன்றும் நம்புகிறார். அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். டாட் இன் (.in) முகவரியும் அப்படித்தான், 2005 முதல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அரசுக்கென்று ஒதுக்கியது கவ் டாட் இன் (gov.in) போன்றவைதான்.

அடுத்த முறை 'பதிவு செய்யுங்கள், உங்கள் சொந்தப் பெயரில், உங்கள் மெயிலில்' என்று போட்டால் நல்லது. நான் இப்போது டாட் இன் எடுத்திருக்கிறேன். பழைய முகவரி அச்சடித்த கட்டைப்பைகள் இன்னும் ஆயிரத்துக்கு மேல் கிடக்கின்றன. மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் பையன்கள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சுங்குடி வியாபாரி ஒருவர்,
மதுரை - 1.