கன்டெய்னர் கதவு வரை பெண் அதிகாரிகளை அனுப்புங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும்போதே பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் ஏ.ஓ. (நிர்வாக அதிகாரி) தேர்வையும் எழுதி, ஸ்கேல் 1 எனும் தொடக்கநிலை அதிகாரியாக வேலைக்கு வரும் பெண்கள் நம் மாவட்டங்களில் நிறையப் பேர். சேர்ந்த புதிதில் எந்தப் பிரிவில் உட்கார வைக்கிறார்கள் என்பதிலேயே, இருபது வருடம் கழித்து அவர்கள் எங்கே இருப்பார்கள் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. கப்பலில் வரும் சரக்குக்கான கடல்சார் (மரைன்) காப்பீட்டில் இது கண்கூடு.

பெண் அதிகாரி என்றால் பாலிசி வழங்கும் மேசை, கணக்கு, பணியாளர் பிரிவு. கிளெய்ம் கொடுத்தாலும் மோட்டார் அல்லது மெடிக்ளெய்ம் கோப்புதான். யாரும் கெட்ட எண்ணத்தில் இப்படிச் செய்வதில்லை. “ராத்திரி பத்து மணிக்கு கன்டெய்னர் திறப்பாங்க, அந்தப் பிள்ளையை எப்படி அனுப்புறது?” என்ற அக்கறைதான். ஆனால் நனைந்த சரக்கைக் கண்ணால் பார்க்காதவர், பின்னாளில் ஐந்து கோடி ரூபாய் கிளெய்மில் கையெழுத்துப் போடத் தயங்குவார். தயங்குகிறவரை மேலிடம் பிராந்திய மரைன் பொறுப்புக்கு நினைப்பதில்லை.

ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடிக்குச் சாக்கு மூட்டைகளில் கச்சா முந்திரி வருகிறது. கதவைத் திறந்தால் மேல் வரிசை ஈரம், பூஞ்சை வாடை. கோப்பில் ‘வெட் டேமேஜ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கன்டெய்னரில் ஓட்டை விழுந்து கடல்நீர் புகுந்திருக்கலாம். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டதில் கூரையில் நீர் வேர்த்துச் சொட்டியிருக்கலாம். ஏற்றும்போதே சரியாகக் காயாத கொட்டையாக இருந்திருக்கலாம். இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் ‘ஏ’ என்ற, சரக்குக் காப்பீட்டின் பொது நிபந்தனைகளைக் கொண்ட பாலிசியில் முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் பணம் உண்டு. மூன்றாவது சரக்கின் இயல்பிலேயே உள்ள குறை. அதற்கு 4.4 பிரிவின்படி பணம் கிடையாது. லட்சக்கணக்கான ரூபாய் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எந்திரம் அதிகம் வேண்டாம், ஒழுங்குதான் வேண்டும். திறப்பதற்கு முன் கதவுப் பூட்டு முத்திரையின் (சீல்) எண்ணை, கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கோடு ஒப்பிட்டுப் படம் எடுக்க வேண்டும். கூரை, பக்கத் தகடு, கதவு ரப்பர் எல்லாவற்றையும் வெளியிலிருந்தே பார்த்துக் குறிக்க வேண்டும். சரக்கை இறக்கியதும் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை நிற்க வேண்டும். ஊசித் துளை இருந்தாலும் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். கறை மூட்டையின் தலைப்பில் மட்டும் சொட்டுச் சொட்டாக இருந்தால் கூரை வேர்வை என்று சந்தேகிக்கலாம். தகட்டை ஒட்டிக் கீழ்நோக்கி வழிந்திருந்தால் துளையைத் தேட வேண்டும். எங்கும் ஒரே சீராக ஈரமும் சூடும் இருந்தால், மேல், நடு, அடி என மூன்று அடுக்கிலும் ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்த்து, ஏற்றுமதி ஊர்ச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும்.

பிறகு, நனைத்தது கடல்நீர்தானா என்று பார்க்க சில்வர் நைட்ரேட் கரைசல். நனைந்த சாக்கில் ஒரு துண்டை வெட்டி, டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, அந்த நீரில் இரண்டு சொட்டு விட்டால், உப்பு இருக்கும்போது தயிர் திரிந்தாற்போல் வெள்ளையாகும். தவறு நடப்பதும் இங்கேதான். தூத்துக்குடி போர்வெல் தண்ணீரில் கழுவிய கிண்ணத்தில் செய்தால் எதை விட்டாலும் வெள்ளையாகும். அதனால் நனையாத சாக்குத் துண்டு ஒன்றையும் பக்கத்திலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் வெளுத்தால் அந்தச் சோதனை செல்லாது. மருந்தைப் பழுப்பு பாட்டிலில் வைக்க வேண்டும், கையுறை இல்லாமல் தொட்டால் விரல் கறுத்துவிடும்.

மோட்டார் அல்லாத இழப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயரின் (இழப்பை மதிப்பிடுபவரின்) அறிக்கை வேண்டும். ஆகவே இச்சோதனைகளைச் செய்பவர் அவர்தான், அதிகாரி அல்ல. ஆனால் பத்து கன்டெய்னராவது உடன் நின்று பார்த்த அதிகாரிதான், ‘கடல்நீர்’ என்று அறிக்கை வந்ததும், “துளை எந்தப் பக்கம்? காய்ந்த சாக்கைச் சோதித்தீர்களா?” என்று கேட்பார். இந்தக் கேள்வி தெரிந்தவரிடம் சர்வேயரும் ஏற்றுமதியாளரும் புரோக்கரும் தாமாகவே மரியாதை வைப்பார்கள்.

கெடு தேதிகள் அடுத்தது. சேதம் வெளியே தெரிந்தால் சரக்கை எடுக்கும்போதே கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். வெளியே தெரியாத சேதத்துக்கு 3 நாள். வழக்குப் போட ஓராண்டு. கிளெய்மைக் கொடுத்து முடித்த நிம்மதியில் இந்த ஓராண்டைத் தவறவிட்டால், கப்பல் கம்பெனியிடமிருந்து திரும்ப வாங்கும் உரிமை போய்விடும். இந்த ரெகவரி கோப்புகளை யாரும் விரும்பி எடுப்பதில்லை. புதிதாக வரும் பெண்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சட்டமும் கப்பலும் ஒருசேரப் பிடிபடும், மீட்ட தொகை உங்கள் பெயரில் எண்ணாகவும் நிற்கும்.

படிப்பை முதல் மூன்று ஆண்டிலேயே முடித்துவிடுவது நல்லது. இந்திய காப்பீட்டுக் கழகத் தேர்வில் அசோசியேட்டுக்கு 250 கிரெடிட், ஃபெலோஷிப்புக்கு 490. எளிதான தாள்களைப் பொறுக்கி கிரெடிட் சேர்ப்பது வழக்கம். அதை விட்டுவிட்டு ஐ.சி. 67 மரைன் தாளை முதலில் எழுதுங்கள். பொறியியல் படித்த பெண்கள் ஓராண்டுப் பயிற்சியும் தேர்வும் முடித்து, உரிமம் பெற்ற சர்வேயராகவே தொழில் தொடங்கலாம். அதிகம் பேர் அறியாத வழி இது.

மேலே போன பெண்களின் பாதையைப் பாருங்கள். ஆலிஸ் வைத்யன் ஆங்கில இலக்கியம் படித்தவர். 1983இல் நியூ இந்தியா காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, 2008இல் காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் (மறுகாப்பீட்டு) அரசு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ-க்கு வந்து, 2016இல் அதன் முதல் பெண் தலைவர் ஆனார். அந்நிறுவனம் 2017இல் பங்குச் சந்தைக்கு வந்ததும் அவர் காலத்தில்தான். லண்டனின் காப்பீட்டுச் சந்தையான லாய்ட்ஸில் 1973 வரை பெண் புரோக்கருக்கு, காப்பீட்டை ஏற்று விலை முடிவு செய்யும் அண்டர்ரைட்டிங் அரங்கில் இடமே இல்லை. 2014இல் அதன் முதல் பெண் தலைமைச் செயல் அதிகாரியான இங்கா பீல், மறுகாப்பீட்டு அண்டர்ரைட்டராகத் தொடங்கியவர். இருவரும் காப்பீட்டுத் தொழிலின் உள்ளேயே வளர்ந்தவர்கள். நம் நாட்டில் மறுகாப்பீட்டு ஒப்பந்தங்கள் ஏப்ரல் 1இல் புதுப்பிக்கப்படுகின்றன. அதற்கு முந்தைய இரண்டு மாதம், பெரிய கிளெய்ம்களின் வரலாறு தெரிந்தவருக்கே அந்த மேசையில் நாற்காலி கிடைக்கும்.

பதவி உயர்வு வந்தால் ஊர் மாற்றமும் கூடவே வருகிறது. அது பெரும்பாலும் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருக்கும் வயதில் வந்து நிற்பதால், ‘ப்ரமோஷன் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். துறைமுக ஊரில் பணிபுரியும் பெண்ணுக்கு உயர்வோடு அதே ஊரில் மரைன் கிளெய்ம் பொறுப்பை மூன்று ஆண்டு தந்தால், நிறுவனத்துக்கும் கைதேர்ந்த ஆள் மிஞ்சுவார். தூத்துக்குடியிலும் சென்னையிலும் இதற்கு வேலை இருக்கிறது.

நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பவை செலவு பிடிக்காதவை. துறைமுக நுழைவு அனுமதிக்கு மரைன் பிரிவுப் பெண்களின் பெயரையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். இரவுச் சோதனை என்றால் வண்டியும் உடன் ஓர் ஆளும் கொடுங்கள். சரக்குப் பெட்டக நிலையங்களில் பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிப்பறையின் சாவி கேட்டில் இருக்கட்டும். ஹெல்மெட்டோடு இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணியும் 4, 5 சைஸில் இரண்டு ஜோடி வாங்கி வையுங்கள். 8ஆம் சைஸில் கால் நுழைத்துக்கொண்டு யாரும் கன்டெய்னருக்குள் ஏற முடியாது.

இப்படிக்கு,
கடல்சார் காப்பீட்டுப் பணியில் உள்ளோர்,
தூத்துக்குடி.