ஹேவ்லாக்கில் மலிவு விலை ஸ்கூபா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2018 டிசம்பரில் சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட பின்னரும் ஹேவ்லாக் என்றே பலரும் அழைக்கும் அந்தமான் தீவில், நீச்சல் தெரியாதவரும் காற்று உருளையைச் சுமந்து முக்குளிக்கும் ஸ்கூபா மூலம், பயிற்சியாளரின் துணையோடு கடலில் 12 மீட்டர் ஆழத்துக்குள் இறங்கிப் பவளத்திட்டைப் பார்த்துவரலாம். இது நடுத்தரக் குடும்பங்களுக்கும் கட்டுப்படியாகும் கட்டணத்தில் கிடைப்பதை வரவேற்கிறேன்.

ஆனால், கட்டணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது பயிற்சியாளர்களின் எண்ணிக்கையாகவே இருக்கும். ஒருவர் பொறுப்பில் பலரை விட்டால், காதடைப்பைச் சரிசெய்யத் தெரியாமல் தடுமாறும் புதியவர் காலை உதைக்க, துடுப்புக் காலணி பட்டு மான்கொம்புப் பவளம் முறிகிறது. 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்துப்போன திட்டுகள் இவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று, கடைசி நாள் காலையில் முக்குளித்துவிட்டு மாலையே சென்னைக்கு விமானம் ஏறும்படி திட்டம் வகுப்பது ஆபத்தானது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த விமானத்தில் குமிழிகளாக மாறக்கூடும் என்பதால் 18 மணி நேர இடைவெளி விடுவதே பாதுகாப்பு. (பயண முகவர்கள் இதைச் சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.)

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், மருத்துவப் படிவம் கட்டாயமா என்ற விவரங்களைக் கட்டணப் பலகையிலேயே எழுதிவைக்க அந்தமான் நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், பெரம்பூர், சென்னை