காய்ந்த ஏரிப் பக்கத்திலிருந்து

லங்காஸ்டர், கலிபோர்னியா

அன்புள்ள சுந்தரம்,

நாங்கள் நலம். உன் கண்புரை அறுவைக்கு நாள் குறித்தாயிற்றா? தள்ளிப் போடாதே.

முந்தாநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தேன். டமார் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. நிலநடுக்கம் என்று பதறி எழுந்துவிட்டேன். மருமகள் தோசையைத் திருப்பியபடியே, "எட்வர்ட்ஸ் பிளேன் மாமா, ஒலியை முந்திப் போகும்போது இப்படித்தான் கேட்கும்" என்றாள். எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. நூலகத்தில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன்.

ஜோத்பூர் விமானதளத்தில் இருந்தபோது தட்டிலும் மணல், தலையணையிலும் மணல் என்று எழுதுவாயே! பாலைவனத்தில் ஏன் விமானதளம் வைக்கிறார்கள் என்று அப்போது யோசித்திருக்கிறேன். இங்கே காரணம் ஓர் ஏரி. மோஹாவி பாலைவனத்தில் 114 சதுர கி.மீ. பரப்புள்ள காய்ந்த களிமண் ஏரி. மாரிக்காலத்தில் கொஞ்சம் மழைநீர் தேங்கும். காற்று அந்த நீரை இப்படியும் அப்படியும் தள்ளித் தள்ளி, வெடிப்புகளை நிரப்பி, மெழுகிய திண்ணைபோல் ஆக்கிவிடும். பிறகு வெயிலில் இறுகிக் கல்லாகிவிடும். அதன்மேல் கோடு போட்ட ஓடுபாதை ஒன்று ஏறக்குறைய 12 கி.மீ. நீளம்! எஞ்சின் நின்றுபோனாலும் இறங்க இடமுண்டு. 1981 ஏப்ரலில் கொலம்பியா விண்கலம் முதல் பயணம் முடித்து இறங்கியதும் இந்த ஏரியில்தான்.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது இங்குள்ள பெயர்கள். 1910இல் கோரம் என்ற குடும்பம் இங்கே குடியேறிக் கிணறு தோண்டி, கடை வைத்து, மற்றவர்களையும் குடியமர்த்தியது. தபால் நிலையத்துக்குத் தங்கள் பெயரை வைக்கக் கேட்டார்கள். அதே மாதிரிப் பெயரில் வேறோர் ஊர் இருந்ததால் மறுத்துவிட்டார்கள். சரி என்று தங்கள் பெயரின் (Corum) ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து திருப்பிப் படித்து 'முராக்' (Muroc) என்று வைத்தார்கள்.

1933இல் ஹாப் ஆர்னால்டு என்ற ராணுவ அதிகாரி குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏரியின் நடுவே மரத்தாலும் கோழி வலையாலும் ஜப்பானியப் போர்க்கப்பல் மாதிரி ஒன்றை, சுமார் 650 அடி நீளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். பெயர் 'முராக் மாரு'. சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் கப்பல்! 1942 அக்டோபரில் அமெரிக்காவின் முதல் ஜெட் விமானம் இங்கேதான் பறந்தது. தரையில் நிற்கும்போது அது ஜெட் என்று யாருக்கும் தெரியக்கூடாதென்று, மற்ற விமானங்களில் சுழலும் விசிறிபோல் மூக்கில் பொய்யான மரவிசிறி மாட்டி வைப்பார்களாம்.

மனிதன் முதன்முதலாக ஒலியை முந்திப் பறந்த 1947 அக்டோபர் 14 கதை உனக்கே தெரியும். ஆனால் இதைக் கேட்டிருக்கிறாயா? அந்த விமானி சக் யேகர் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்த நிலையில்தான் அன்று பறந்தார். விமானத்தின் கதவைச் சாத்த வலது கையைத் தூக்க முடியவில்லை. நண்பர் ஜாக் ரிட்லி துடைப்பக் கட்டையை வெட்டிக் கொடுத்தார். அதை நெம்புகோலாக வைத்துச் சாத்திக்கொண்டு ஒலியை முந்தினார்.

அடுத்த ஆண்டைப் படித்தபோதுதான் எனக்கு மனம் கனத்துவிட்டது. 1948 மே 3: ஹோவர்ட் லில்லி என்ற விமானி, விமானம் மேலெழும்பிய சற்று நேரத்தில் எஞ்சின் சிதறி இறந்தார். ஜூன் 5: வாலில்லாத, வெறும் இறக்கையாலான குண்டுவீச்சு விமானம் விழுந்து கேப்டன் கிளென் எட்வர்ட்ஸ் உட்பட ஐந்து பேர் போனார்கள். முப்பதே வயது அவருக்கு. மறு ஆண்டு முராக் தளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். லில்லி பெயரில் உள்ளே ஒரு சாலை இருக்கிறது. இறந்த இன்னும் பல விமானிகளின் பெயரிலும் தெருக்கள். தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பெயர்ப்பலகைகளைக் கடந்துதான் போக வேண்டும். அது நல்ல ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

முராக் ஊர்தான் மறைந்துவிட்டது. தளம் பெரிதாகப் பெரிதாக, நிலத்தை எடுத்து, 1950களில் ரயில் பாதையையும் தள்ளிப் போட்டுவிட்டார்கள். கிணறு தோண்டிய அந்தக் குடும்பத்தை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

நேற்று மாலை பையன் காரில் அந்தப் பக்கம் கூட்டிப்போனான். உள்ளே விடமாட்டார்கள்; ஜோஷுவா மரங்களுக்கு நடுவே சும்மா நின்றுவிட்டு வந்தோம். ஈச்ச மரமும் கள்ளியும் சேர்ந்தாற்போல் இருக்கிறது அந்த மரம். உனக்குக் காட்ட ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், உன் ஜோத்பூர் நாட்களை எழுதி வை என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! கூட வேலை பார்த்தவர்கள் பெயரையாவது முதலில் ஒரு நோட்டில் எழுது. கண் சரியானதும் தொடங்கிவிடு. நவம்பரில் வருவேன், வந்ததும் கேட்பேன்.

அன்புடன்,
நடராஜன்